படுத்த பாட்டிலுக்கு ஓட்டு

சொரிமுத்து பரம்பரா கட்சியில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கம். அதில் முப்பது பேர். அந்த முப்பது பேர் வீட்டில் கல்யாணம் என்றால் பந்தியில் நிற்பது, சாவு என்றால் பாடைக்குத் தோள் கொடுப்பது, தேர்தல் என்றால் காலையிலேயே எழுப்பிச் சாவடி வரை கொண்டுபோய் விடுவது, இவை பக்கப் பொறுப்பாளரின் கடமைகள். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை தலைவரிடமிருந்து போனில் பிறந்தநாள் வாழ்த்துச் செய்தி வரும். அது தலைவருடைய பிறந்தநாள்.

தாராவியில் நாலு தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறை அவருக்கு. சொந்த ஊர் கயத்தாறு பக்கம். கோயில், குடும்பம், கட்டுப்பாடு, குடியில்லாத வீடு என்று கட்சி நாலு கொள்கைகளைச் சுவரில் எழுதி வைத்திருந்தது. மற்றவர்கள் படித்துவிட்டுப் போனார்கள். இவர் நம்பிவிட்டார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

சந்தின் வாசலில், பிள்ளையார் கோயிலுக்கும் முனிசிபல் பள்ளிக்கும் நடுவில், நிகில் சேட்டின் ஒயின் ஷாப் இருந்தது. சொரிமுத்துவின் மகன் செல்வம் மூன்று வருடமாக அந்தக் கடைக்குப் போக வர இருந்தான். இருபத்தாறு வயது. போன மார்ச் மாதம் ரத்தமாக வாந்தியெடுத்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனால் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து அம்மா செண்பகவல்லி அவன் கையில் வடா பாவுக்குக்கூடக் காசு விடுவதில்லை. பட்டறையிலிருந்து வீட்டுக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவள் போய் நின்று அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தங்கள் வார்டில் சாராயக் கடை வேண்டாம் என்று பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சர்க்கார் ஓட்டெடுப்பு வைக்கும். சீட்டில் இரண்டு படம். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். கடை இருக்கட்டும் என்றால் நிற்கிற பாட்டில், மூடு என்றால் படுத்த பாட்டில். வார்டிலுள்ள மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலில் குத்தினால் கடை மூடப்படும். ஓட்டுப் போட வராதவளும் கடைக்காரன் கணக்கில்தான் சேருவாள். சேட் யாரையும் கெஞ்ச வேண்டாம். பெண்கள் வீட்டில் இருந்தால் போதும்.

செண்பகவல்லியும், பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கிற ரஹ்மத்துல்லாவின் மனைவி மதீனா பீவியும் எட்டு மாதம் வீடு வீடாக ஏறினார்கள். கையெழுத்து, கைநாட்டு, ஆதார் நகல், இன்னொரு நகல். கடைசியில் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. அன்றிரவு செண்பகவல்லி பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். சொரிமுத்து அதைக் கண்ணால் பார்த்தார்.

அதற்கு மூன்றாவது நாள் மாதுங்காவில் ஒரு ஹாலில் கட்சியின் இணைப்பு விழா. புதிதாகச் சேருபவர்களுக்குப் போர்த்தும் துண்டுகளுக்குச் சொரிமுத்துதான் ஓரம் அடித்துக் கொடுப்பார், கூலியில்லாமல். நாற்பது துண்டுகளைச் சுமந்துகொண்டு போய் மேடையோரம் நின்றார். முதல் துண்டு நிகில் சேட்டின் தோளில் விழுந்தது. மாவட்ட மகளிர் அணித் தலைவி வந்தனா தாயி போர்த்தினார். இரண்டு நிமிடம் கழித்துச் சேட் மாவட்டத் துணைத் தலைவர் என்று அறிவித்தார்கள். மூன்றாவது நிமிடம் அவர் கழுத்தில் ஆள் உயர மாலை.

சொரிமுத்துவுக்கு ஆள் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. விழா முடிந்ததும் தென்னிந்தியப் பிரிவுத் தலைவர் கணேசபாண்டியனைத் தேடிப் பிடித்தார். கணேசபாண்டியன் செம்பூர்க்காரர். வங்கியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மிச்சமிருந்த மிடுக்கைக் கட்சிக்குக் கொடுத்தவர்.

“அண்ணாச்சி, அவரு சாராயக் கடைக்காரருல்லா. நம்ம நாலாவது கொள்கையே குடியில்லாத வீடு. இப்ப அவர உள்ள சேத்தா சனம் நம்மள என்ன நெனைக்கும்?”

கணேசபாண்டியன் அவர் தோளில் கை போட்டார்.

“சொரிமுத்து, நீங்க எமோஷனலா யோசிக்கறீங்க. ஸ்ட்ராடஜி பாருங்க. வெளிய இருக்கிற ஒருத்தர் மேல கட்சி ஆக்‌ஷன் எடுக்க முடியுமா?”

“முடியாது.”

“இப்ப உள்ள வந்துட்டாரு. இனிமே எடுக்கலாம். எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். மதுவிலக்குல இது எவ்வளவு பெரிய ஸ்டெப், யோசிச்சுப் பாருங்க.”

சொரிமுத்து யோசித்துப் பார்த்தார். தலை சுற்றியது. மேலிடத்துக்கு ஏதோ தெரிந்திருக்கும், நமக்குத்தான் படிப்பு போதாது என்று நினைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். இருந்தாலும் மகன் முகம் ஞாபகம் வந்து, “மனசு கேக்கல அண்ணாச்சி” என்றார்.

“கேக்கலைன்னா அதுக்கும் வழிமுறை இருக்கு. நம்மளது ஜனநாயகக் கட்சி.”

அந்த வழிமுறைக்குப் பெயர் மனவருத்தப் படிவம். இந்தியில் மூன்று பிரதி நிரப்ப வேண்டும். மனவருத்தம் எந்தத் தேதியிலிருந்து, அது தனிப்பட்டதா கொள்கை சார்ந்ததா, இதே மனவருத்தம் முன்பு ஏற்பட்டதுண்டா என்று பதினாறு கேள்விகள். கடைசியில், என் மனவருத்தம் தீராவிட்டாலும் தீர்ந்ததாகவே நடந்துகொள்வேன் என்று ஓர் உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்து. சொரிமுத்து மகளிர் அணியில் டைப் அடிக்கும் பெண்ணின் தயவில் நிரப்பிக் கொடுத்தார். நாலு நாளில் பதில் வந்தது. அவருடைய மனவருத்தம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. மனவருத்தப் பிரிவின் புதிய பொறுப்பாளர் மாவட்டத் துணைத் தலைவர் நிகில் சேட்.

அந்த வாரக் கடைசியில் கணேசபாண்டியனே போன் செய்தார். “அண்ணாச்சி” என்று ஆரம்பித்தார். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

“மேலிடம் உங்க வருத்தத்தை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்கு. வந்தனா தாயியே பேசினாங்க. உங்க வார்டுத் தாய்மார்களுக்குன்னே ஒரு மதுவிலக்குச் சங்கல்ப யாத்திரை. கர்ஜத் தாண்டி ஒரு தேவி கோயில். பதினெட்டு பஸ், புடவை, சாப்பாடு, தரிசனம், அப்புறம் எல்லாரும் சேர்ந்து குடிக்கு எதிரா உறுதிமொழி. நீங்கதான் பொறுப்பு. உங்களுக்குப் பதவி உயர்வு. இனிமே நீங்க பக்கப் பொறுப்பாளர்களுக்கெல்லாம் பொறுப்பாளர்.”

சொரிமுத்துவின் கண் கலங்கியது. கட்சி கைவிடவில்லை. பிறகுதான் தேதியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை.

“அன்னைக்குத்தான ஓட்டெடுப்பு அண்ணாச்சி?”

“அதனாலதான். காலைல தேவிகிட்ட ஆசி, சாயங்காலம் ஓட்டு. நம்ம பஸ், நம்ம டிரைவர். மூணு மணிக்கு எல்லாரும் தாராவில இருப்பாங்க. ரெண்டு மணி நேரம் கையில இருக்கு.”

“எட்டு மணிக்கு ஓட்டப் போட்டுட்டுக் கெளம்பலாம்லா?”

“நல்ல நேரம் ஆறு மணிக்கு. நாமளே நேரம் காலம் பாக்கலைன்னா வேற யாரு பாப்பா?”

சொரிமுத்து தலையாட்டினார். நேரம் காலம் பார்க்காமல் பட்டறைக்கு ஊசி வாங்காதவர் அவர்.

செண்பகவல்லி கேட்டுவிட்டு அரிசி களைவதை நிறுத்தினாள்.

“பாட்டிலு விக்கிறவன் தேவிகிட்ட எதுக்குக் கூட்டிட்டுப் போறான்?”

“அவன் இல்லட்டி. கட்சி.”

“ரெண்டும் ஒண்ணாயிட்டுன்னு நீயதானே சொன்னிய.”

“மூணு மணிக்கு வந்துருவோம். வாக்குக் குடுத்துருக்காவ.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவள் மறுபடி அரிசியைக் களைந்தாள். பிறகு, தான் வரப்போவதில்லை, மதீனாவோடு சாவடிப் பக்கம் நிற்கப்போவதாகச் சொன்னாள். பொறுப்பாளர் பெண்டாட்டியே வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று சொரிமுத்து கேட்டதற்கு, ஊர் எட்டு மாதமாக நான் படி ஏறி இறங்கியதைப் பார்த்தது, உங்களைப் பற்றித்தான் பேசும் என்றாள்.

கட்சியின் போன் ஆப்பில் பெண்களின் பெயர்களைத் தட்டத் தட்டப் பச்சை விழுந்தது. மதீனா பீவி இருந்த பக்கமும், அவளைப் போன்றவர்கள் இருந்த பக்கங்களும் அதில் சாம்பல் நிறத்தில் கிடந்தன. தட்டினாலும் திறக்காது. ஏன் திறக்காது என்று சொரிமுத்து இருபத்திரண்டு வருடத்தில் கேட்டதில்லை. மற்றப் பக்கங்களில் தயங்கிய பெண்களிடம் அவரே நேரில் போய்ப் பேசினார். அவர் சொன்னால் அந்தச் சந்துகளில் மறுபேச்சு கிடையாது. நம்ம அண்ணாச்சி சொல்லிட்டாவ, மூணு மணிக்குத் திரும்பிருவோம் என்று தொள்ளாயிரம் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தலை குளித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

யாத்திரை குறைவில்லாமல் நடந்தது. பன்வேல் தாண்டியதும் டீ, கோயிலில் தனி வரிசை, தேங்காய், குங்குமம். கையில் கட்சியின் சின்னம் அச்சடித்த புடவை. ஒவ்வொரு கட்டத்திலும் பெண்களைத் தலை எண்ணிப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும், ஏற்றினால்தான் அடுத்த கட்டம் திறக்கும். பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கட்டம் திறக்கவில்லை, ஒரு தலை குறைந்தது. ஒரு பாட்டி கழிப்பறைக்குப் போயிருந்தாள். அவள் வரும் வரை தொள்ளாயிரம் இலைகள் காத்திருந்தன.

ஒரு மணிக்கு எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மேடையில் மதுவிலக்குச் சங்கல்ப மகாசபை என்று பேனர். மாநிலத் தலைவர் வந்து கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மணிக்கும் வந்து கொண்டிருந்தார். இரண்டரைக்குச் சொரிமுத்து கணேசபாண்டியனிடம் போனார்.

“அண்ணாச்சி, இப்பக் கெளம்பினாத்தான் சரியா இருக்கும்.”

“தலைவர் வராம எப்படி? அவர் வந்து பார்த்தா காலி சேர் இருக்கலாமா? இவ்வளவு சிஸ்டமேட்டிக்கா பண்ணிட்டு, கடைசியில கோட்டை விட்டுடாதீங்க.”

மூன்று மணிக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

“எங்க இருக்கிய?”

“கெளம்பிருவோம்.”

“மதீனா ஆளுங்க அம்புட்டுப் பேரும் போட்டாச்சு. நடக்க முடியாத கெழவியக் கூட நாற்காலில தூக்கிட்டு வந்தாவ. நம்ம வரிசைதான் காலியாக் கெடக்கு. அதிகாரி கேக்காரு, உங்க ஆளுங்க எங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

அவர் போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். டிரைவர்கள் மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கான்வாய் வருவதால் பாதுகாப்புக்காகக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். சாவி போலீஸிடம் என்றான் வாட்ச்மேன். அங்கிருந்த போலீஸ்காரர் சாவி கட்சியிடம் என்றார். உள்ளே நாலைந்து பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் தாய்மார்களே, இது உங்களுக்காக நடக்கும் கூட்டம் என்று மைக் சொன்னது.

மூன்றரை மணிக்குத் தலைவர் வரவில்லை என்ற செய்தி வந்தது. அவருக்குப் பதிலாக வந்தனா தாயி பேசினார். ஒரு மணி நேரம். குடி ஒரு குடும்பத்தை எப்படி அழிக்கிறது என்று இந்தியில் உருக்கமாகப் பேச, கணேசபாண்டியன் தமிழில் பெயர்த்தார். பல பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாத சேதி ஒன்றும் அதில் இல்லை. அழுகை மட்டும் உண்மை.

பிறகு உறுதிமொழி வாசிக்க நிகில் சேட்டை அழைத்தார்கள். அவர் கைகூப்பிக்கொண்டு வந்தார். நெற்றியில் புதுக் குங்குமம், வாயில் கடையில் பழகிய தமிழ்.

“அம்மாமார்களே, நான் இருபது வருஷமா இந்த வியாபாரத்துல இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. என் வீட்டுல யாரும் தொட்டதில்ல. என் பையன் வெளிநாட்டுல படிக்கிறான், அவனும் தொட்டதில்ல. கண்ணு முன்னாடி இவ்வளவு பாட்டில் இருந்தும் என் குடும்பத்துல ஒருத்தரும் தொடல. இதுக்குப் பேர்தான் பரம்பரை. உங்க வீட்டு ஆம்பளைங்க தொட்டா, அது கடையோட தப்பா, வளர்ப்போட தப்பா? யோசிங்க. கடையை மூடறது சுலபம். மனசை மூடறதுதான் கஷ்டம். நாம கஷ்டமான வேலையைச் செய்யற கட்சி.”

வந்தனா தாயி முதலில் கை தட்டினார். மேடை தட்டியது. தொள்ளாயிரம் பெண்களும் எழுந்து வலது கையை நீட்டினார்கள். என் வீட்டில் மதுவுக்கு இடமில்லை என்று சேட் சொல்ல, அவர்களும் சொன்னார்கள். சொரிமுத்துவின் கையும் நீண்டிருந்தது. எப்போது நீட்டினார் என்று அவருக்கே தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

கேட் ஐந்தேகாலுக்குத் திறந்தது.

பஸ்ஸில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வாஷி பாலத்தில் டிராபிக்கில் நிற்கும்போது, புருஷனைச் சாராயத்துக்குக் கொடுத்த மாலதி மட்டும், “நீங்க சொன்னதாலதான் அண்ணாச்சி வந்தோம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் எண்ணி முடித்தார்கள். விழுந்த ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு படுத்த பாட்டிலுக்கு. ஆனாலும் அது வார்டின் மொத்தப் பெண்களில் பாதியை எட்டவில்லை. இருநூற்றுப் பதினாலு குறைந்தது. கடை இருக்கும். அடுத்த மனு ஒரு வருடம் கழித்துத்தான் என்றார் அதிகாரி. மதீனா பீவி சாவடி வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செண்பகவல்லி அவளை எழுப்பி நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து சொரிமுத்துவுக்குச் சாப்பாடு போட்டாள்.

அவர் சாப்பிடாமல் போனை எடுத்தார். யாத்திரையில் நூறு சதவீத வருகை, மாநிலத்தில் முதலிடம் என்று அவர் பெயருக்கு நேரே ஒரு தங்கப் பதக்கம் போன்ற படம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தேடித் தேடி ராஜினாமா என்ற இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தினார். உங்கள் விலகல் விருப்பம் உங்கள் பொறுப்பாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது. அரை நிமிடத்தில் அதே போன் மறுபடி கூவியது. உங்கள் பொறுப்பில் உள்ள ஓர் உறுப்பினர் மனம் தளர்ந்திருக்கிறார், அவரை உடனே நேரில் சந்தித்து நல்வழிப்படுத்தவும், சந்தித்ததற்கு ஆதாரமாக இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோவை ஏற்றவும் என்றது. பெயர் சொரிமுத்து என்று போட்டிருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.

ஒயின் ஷாப் வாசலில் புது பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வார்டின் தாய்மார்களுக்கு நன்றி. மேலே வந்தனா தாயி, நடுவில் ஆளுயரத்தில் நிகில் சேட், கீழே சின்ன வட்டங்களில் பொறுப்பாளர்கள். முதல் வட்டத்தில் சொரிமுத்து. மண்டபத்தில் கை நீட்டிக்கொண்டு நின்றபோது எடுத்த படம்.

மத்தியானம் செல்வம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். செண்பகவல்லி சாயங்காலம்தான் வருவாள். மத்தியானத்தில் அவன் தனியாகப் போய் வருவது வழக்கம்தான், பையில் பைசா இல்லாததால் பயமில்லை. அரைமணி நேரத்தில் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. செய்தித்தாள் சுற்றிய பாட்டிலை மறைக்கக்கூட இல்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“ஏலே, உனக்கு யாரு காசு குடுத்தா?” என்றார் சொரிமுத்து.

“காசு வாங்கலப்பா” என்றான் செல்வம். “பேனர்ல உங்க போட்டோவக் காட்டி, இவரு மவனான்னு கேட்டாவ. ஆமான்னேன். கட்சிக்காரர் வீட்டுப் புள்ளட்ட காசு வாங்கப்படாதுன்னு சேட்டு சொல்லிருக்காராம். தெனமும் வரச் சொன்னாவ.”